மிதிவண்டிப் பாதையில் ஒரு வரலாற்றுப் பாடம்

பிரெஞ்சு நாட்டினர் மிதிவண்டியில் ஊர் காணச் செல்வதில் பெருவிருப்பம் உடையவர். லுவார் ஆற்றங்கரையிலுள்ள பழைய மாளிகைகளையும் கோட்டைகளையும் காண விழைவோர், திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடே ஓர் ஊரினின்று மற்றோர் ஊருக்கு மிதிவண்டியிற் செல்வதை இன்றும் காணலாம். 1903ஆம் ஆண்டில் அந்நாட்டுச் செய்தித்தாள் ஒன்று தொடங்கிய 'தூர் த பிரான்சு' என்னும் மிதிவண்டிப் பந்தயம் இன்று உலகறிந்த விழாவாக விளங்குகின்றது. மோட்டார் வண்டியில் விரைவோனுக்கு ஊர்கள் கண்ணில் நிற்பதில்லை. நடந்து செல்வோன் இரண்டு ஊர்களைக் காண்பதற்குள் களைத்துவிடுகின்றான். விரும்பிய இடத்தில் இறங்கி நின்று, ஒரே நாளிற் பல காலத்துச் சின்னங்களைக் காண்பதற்கு மிதிவண்டியே ஏற்றது.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் படம் காட்டி இச்செய்தியை விளக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, நாம் போய்ப் பார்க்க நமக்கு அப்படி ஒரு பாதை இல்லையா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். "உண்டு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்தப் பாதை எது என்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது. ஆசிரியன் தன் சொல்லை மெய்ப்பிக்க வேண்டாமா? பள்ளி விடுமுறையில் ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வந்தேன். சிராங்கூன் சாலையருகே வாழும் என் மைத்துனரிடம் மிதிவண்டி ஒன்றை இரவல் பெற்றேன். "இந்த வயதில் கிராஞ்சி வரைக்குமா, மச்சான்?" என்று அவர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை விடியலில், சாலையில் வண்டிகள் பெருகுமுன் புறப்பட்டேன்.

அவ்வழியிற் கண்டவற்றை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வழிநெடுக உள்ள சின்னங்கள் ஆளுநர், பாதிரிமார், தளபதிகள் ஆகியோரின் பெயர்களை நினைவூட்டுகின்றன. அவற்றை எழுப்பிய கைகள் யாருடையவை என்பதைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் ரப்பரிலும் நாமே தேடிப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

சுண்ணாம்பும் செங்கல்லும்

சிராங்கூன் சாலையில் முதலில் இறங்கி நின்ற இடம் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். 1881ஆம் ஆண்டில் தோன்றிய இக்கோயிலை அக்காலத்தார் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று வழங்கினர். கம்பம் என்பது சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். சுண்ணாம்புக் காளவாய்கள் நிறைந்திருந்த ஊர் ஆதலின் அப்பெயர் வந்தது. கடைகளும் நகைமாளிகைகளும் உணவகங்களும் நெருங்கிய இச்சாலை ஒரு காலத்தில் சுண்ணாம்பு சுட்ட புகையும், செங்கற் சூளையின் வெப்பமும், மாட்டுக் கொட்டில்களின் ஓசையும் நிறைந்து கிடந்தது. தேக்கா வட்டாரத்திற்கு வழங்கும் 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள்.

இச்சாலையின் செங்கற் சூளைகளில் 1858 முதல் அரசாங்கத்தின் சார்பில் வேலை செய்தவர் இந்தியக் கைதிகள். இவர்கள் வரலாற்றை நம் பிள்ளைகள் அவசியம் அறியவேண்டும். சுமத்திராத் தீவின் பென்கூலன் ஆங்கிலேயர் கையினின்று டச்சுக்காரர் கைக்கு மாறியபோது, அங்கிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். 1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் வந்திறங்கிய முதற் கூட்டத்தார் சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர். அவருள் ஒருவர் பெண். அடுத்த வாரமே வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தனர். 1873 வரை சிங்கப்பூர் இந்தியக் கைதிகளின் குடியேற்றமாக இருந்தது.

சென்னை மாகாணத்தார் என்றவுடன் அனைவரும் தமிழர் என்று கொள்ளுதல் தவறு. தெலுங்கரும் பிறரும் அவருள் இருந்திருப்பர். குற்றம் செய்து தண்டனை பெற்றவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவர்கள் வெறும் மண் சுமந்தவராக நின்றுவிடவில்லை. கொல்லர், தச்சர், கொத்தர், கல்தச்சர் எனப் பல தொழில்களைக் கற்றுத் தேர்ந்தனர். நன்னடத்தை உடையவர் சக கைதிகளுக்கே காவலராயினர். அவர்களை மேற்பார்த்த மெக்நெயர் என்னும் அதிகாரி, 1899இல் தாம் மற்றொருவருடன் சேர்ந்து வெளியிட்ட நூலுக்கு, 'தமக்குத் தாமே காவலரான கைதிகள்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். சிராங்கூன் சாலைச் சூளைகளில் அவர்கள் சுட்ட செங்கல் 1867இல் ஆக்ரா நகரத்துக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

அவர்களின் திறமையைக் காண விரும்புவோர், சிராங்கூன் சாலையினின்று பிராஸ் பாசா வழியாகச் சில நிமிடம் மிதித்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அடையலாம். 1856இல் அடிக்கல் நாட்டி 1862இல் அர்ப்பணம் செய்யப்பட்ட இவ்வெண்ணிறக் கோயிலைக் கட்டியவர் இந்தியக் கைதிகள். வடிவமைத்தவர் ரொனால்ட் மக்பர்சன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி. அதன் உட்சுவர்க்கும் தூண்களுக்கும் பூசியது 'சென்னைச் சுண்ணம்' என்ற காரையாகும். மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்துவர். பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவர். தமிழ்நாட்டுக் கொத்தர் தம் பாட்டனாரிடம் கற்ற வித்தை இது. இன்று சிங்கப்பூர் அதிபரின் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் 1867 தொடங்கி 1869க்குள் இதே கைதிகளின் உழைப்பால் எழுந்ததே. வடிவமைத்தவரின் பெயரை நூல்களில் எளிதிற் காணலாம். காரை பூசியவர் பெயர் அவ்வளவு எளிதிற் கிடைப்பதில்லை.

இருபத்திரண்டு கன்றுகள்

அங்கிருந்து திரும்பிப் புக்கிட் தீமா சாலையைப் பிடித்தேன். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் மரநிழல், நீண்ட நேரான வழி. தோட்டத்தில் நாங்கள் 'சடக்கு' என்று சொல்லும் தார்ச்சாலைகளில் பழகிய கால்களுக்கு இது எளிதாகவே இருந்தது. இச்சாலை கிராஞ்சி வரை நீண்டு முடிந்தது 1845இல். புலிகள் திரிந்த அக்காலத்துக் காட்டை வெட்டி இவ்வழியை அமைத்தவரும் கைதிகளே.

சிறிது தொலைவில் பூமலை வருகின்றது. 1859இல் அமைந்து, 2015இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பெற்ற தாவரவியல் தோட்டமே அது. வண்டியை வாயிலில் நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்தே உள்ளே சென்றேன். தோட்டத்துப் பள்ளி ஆசிரியன் ஒருவனுக்கு இது தாய்வீட்டைக் காண்பது போன்றதாகும்.

1876இல் விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில இங்கே நடப்பட்டன. சில பேராவிலுள்ள கோலகங்சாருக்குச் சென்றன. பல்லாண்டுகள் அவற்றை மதித்தவர் சிலரே. 1888இல் தோட்டப் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்ற தாவரவியலார் அவற்றைப் பேணினார். மரத்தைக் கொல்லாமல், பட்டையில் மீன்முள் வடிவாகக் கீற்றுப் போட்டு மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். காப்பித் தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதையை எடுத்துச் சென்று நடும்படி வற்புறுத்தியதனால், 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் பெற்றார்.

அதே 1888ஆம் ஆண்டில்தான் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத் தாம் செய்த காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1891இல் பிரெஞ்சு நாட்டு மிஷலின் சகோதரர் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தனர். அவ்வாண்டு பாரிசிலிருந்து பிரெஸ்டு நகருக்குச் சென்று மீண்ட மிதிவண்டிப் பந்தயத்தில் அந்த டயரைப் பூட்டியவரே வென்றார். மிதிவண்டி மோகம் ஐரோப்பா முழுவதும் பரவியது. காட்டு ரப்பர் போதவில்லை, விலை ஏறியது. பின்னர் மோட்டார் வண்டியும் வந்து சேர்ந்தது. 'பைத்தியம்' என்று நகைத்தவர்களே ரிட்லியிடம் விதை கேட்டு நின்றனர். மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் பால்வெட்ட ஆள் தேவைப்பட்டபோது கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்றனர். சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காட்டு மக்கள் கப்பலேறினர்.

என் பாட்டனார் ஜொகூர்த் தோட்டத்து லயத்திற்கு வந்து சேர்ந்த கதையின் வேர் இந்த இருபத்திரண்டு கன்றுகளில் இருக்கின்றது. பிரான்சு நாட்டு வயல்வெளிகளில் ஓடிய மிதிவண்டிச் சக்கரத்திற்கும், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்ற நம் பாட்டிமாருக்கும் உள்ள தொடர்பு இதுவே. மாணவனுக்கு உலக வரலாற்றைக் கற்பிக்க ஒரு டயர் போதும்.

இருப்புப் பாதை

அடுத்து நான் இறங்கிய இடம் பழைய புக்கிட் தீமா புகைவண்டி நிலையம். சிங்கப்பூர்த் தீவின் இருப்புப் பாதை 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடத் தொடங்கியது. ஜொகூர்க் கடற்பாலத்தின் திறப்பு விழா 1924இல் நடைபெற்றது. 1932இல் பாதை மாற்றியமைக்கப்பட்டு, தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் எழுந்தது. புக்கிட் தீமாவின் இச்சிறு நிலையமும் அவ்வாண்டினதே. அக்காலத்து மலாயா இருப்புப் பாதையில், சம்மட்டி பிடித்துத் தண்டவாளத்தைப் பேணியவருட் பலர் தமிழ்நாட்டுத் தொழிலாளர். நிலையங்களில் எழுத்து வேலை பார்த்தவருட் பலர் யாழ்ப்பாணத் தமிழர்.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவோடு இப்பாதையிற் புகைவண்டி நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்நிலம் கட்டடங்களுக்கு இரையாகாமல், நடப்போர்க்கும் மிதிவண்டி மிதிப்போர்க்கும் உரிய பசுமைப் பாதையாக விடப்பட்டது. பழுது பார்க்கப்பெற்ற புக்கிட் தீமா நிலையம் 2022 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அருகே சாலைக்கு மேலே நிற்கும் பழைய இரும்புப் பாலத்தின்மீது வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இளமையில் ஜொகூரிலிருந்து இவ்வழியே புகைவண்டியில் வந்த நாளில், சன்னலோரத்தில் ஒரு கணம் தோன்றி மறைந்த பாலம் அது. இன்று அதன் இரும்பைத் தொட்டுப் பார்க்க முடிந்தது.

மிதிவண்டிப் படை

பசுமைப் பாதையின் வழியே வடக்கு நோக்கிச் சென்றால், மேற்புக்கிட் தீமா சாலையோரத்தில் பழைய ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலை நிற்கின்றது. 1941 அக்டோபரில் திறக்கப்பட்ட இத்தொழிற்சாலையில் நான்கு மாதம் சென்றபின், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், ஆங்கிலத் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிட்டாவிடம் சரணடைந்தார். இப்போது அது போர்க்கால வரலாற்றைச் சொல்லும் காட்சியகமாகும்.

மிதிவண்டியில் வந்தவன் இங்கே ஒன்றை எண்ணாதிருக்க முடியாது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தபாருவில் இறங்கிய ஜப்பானியர், ஜனவரி முடிவதற்குள் ஜொகூர்பாருவை அடைந்தனர். அந்த விரைவுக்குத் துணைநின்றவற்றுள் மிதிவண்டியும் ஒன்று. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் இருந்தன. வழியிற் கண்டவற்றையும் பறித்துக்கொண்டனர். பாலங்களை ஆங்கிலேயர் தகர்த்தபோது வண்டியைத் தோளிற் சுமந்து ஆற்றைக் கடந்தனர். டயர் வெடித்தாலும் நில்லாமல் வெறும் இரும்பு வளையத்தின் மீதே ஓட்டினர். இரவில் அந்த ஓசை கேட்டு, டாங்கிகள் வருகின்றன என்று எதிர்ப்படையினர் மருண்டதும் உண்டு. தோட்டங்களுக்கிடையே பால் கொண்டுசெல்ல அமைத்த சிறு பாதைகளும் அவர்களுக்கு உதவின. ஊரைக் காண உதவும் அதே வண்டி ஊரைப் பிடிக்கவும் உதவியது.

சரணடைந்த இரண்டாம் நாள், நான் காலையிற் புறப்பட்ட இடத்திற்கு அருகேயுள்ள ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர் ஒன்றுகூட்டப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்திற்கு வித்திட்ட கூட்டம் அது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபின், தோட்டத்து ஆண்களும் பெண்களும் அப்படையிற் சேர்ந்தனர். மற்றொரு கூட்டத்தாரை ஜப்பானியர் வேறு திசைக்குக் கொண்டு சென்றனர். அது சயாம்.

பெயர் எழுதிய சுவர்

நண்பகல் கடந்து கிராஞ்சியை அடைந்தேன். குன்றின் சரிவில் வரிசை வரிசையாக வெண்ணிறக் கல்லறைகள். மேலே நினைவுச் சின்னம். 1957 மார்ச் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட இங்கே, கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட படைவீரரின் பெயர்கள் கற்சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படைவீரர் பெயர்களும் அவற்றுள் உள்ளன. எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கெனத் தனிச் சின்னமும் உண்டு. அவருட் பெரும்பாலோர் இந்தியப் படையினர். விரலால் தடவிப் படிக்கக்கூடிய எழுத்துகள். இறந்தவனின் பெயரை அவனுடைய நாடு காப்பாற்றி வைத்திருக்கின்றது. அந்தப் பண்பை நாம் போற்ற வேண்டும்.

ஆயினும் அச்சுவர்முன் நின்றபோது என் நெஞ்சம் அமைதி கொள்ளவில்லை. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப் பாதையை 1942-43இல் ஜப்பானியர் அமைத்தனர். அதில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேற்பட்டவர். அவர்களுக்குப் படைப்பதிவேடு இருந்தது, எண் இருந்தது, பெயர் இருந்தது. அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை அதனினும் பன்மடங்கு. மலாயாவிலிருந்து சென்றவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அவர்களின் தொகையைச் சொல்லும்போது ஆசிரியருக்கு ஆசிரியர் கணக்கு வேறுபடுகின்றது. கணக்கே தேறாதபோது பெயர்களுக்கு எங்கே போவது? கிராஞ்சி படையினருக்கு உரிய இடம். அங்கே அவர்களைத் தேடுவது முறையாகாது. தேட வேண்டிய இடம் நம் லயங்களும், நம் முதியோரின் நினைவுமே ஆகும்.

என் பாட்டனாரின் தம்பி ஒருவர் அவ்வாறு லாரியில் ஏற்றப்பட்டுச் சென்றவர். திரும்பவில்லை. அவர் சென்ற நாளில் அவருடைய மனைவி அடுப்பில் வைத்த உலையை இறக்காமல் வாசலுக்கு ஓடியதை என் தந்தையார் சொல்லிக் கேட்டிருக்கின்றேன். என் தந்தையாரும் இப்போது இல்லை. அப்பெயரை அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் இன்று மூவர்.

ஆசிரியர் செய்யவேண்டுவது

சிராங்கூன் சாலையிலிருந்து கிராஞ்சி வரை உள்ள இவ்வழியில் சிறு பிள்ளைகளை மிதிவண்டியில் அழைத்துவர இயலாது. பெற்றோருடன் பேருந்திலும் இரயிலிலும் வந்து, ஓரிரு இடங்களைக் காட்டலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர் தக்க துணையுடன் பசுமைப் பாதைப் பகுதியை மிதிக்கலாம். எங்கே சென்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்கும்படி பழக்க வேண்டும். இதைக் கட்டச் சொன்னவர் யார்? கட்டியவர் யார்? இங்கே யாருடைய பெயர் இருக்கின்றது? மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்கும் சின்னம் அரிதினும் அரிது. விடைகள் வேறுபடும் இடத்தில் மாணவன் வரலாற்றைத் தானே தேடத் தொடங்குவான்.

இதைவிட விரைந்து செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படுகின்றன. எங்கள் தோட்டத்தில் ரப்பர் அரிதாகிச் செம்பனை மிகுந்துவிட்டது. லயங்கள் இடிகின்றன, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்கின்றன. சயாமுக்குச் சென்று மீண்டவர் அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்ட மக்களும் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றனர். எனவே ஒவ்வொரு தோட்டப் பள்ளியும் ஒரு தடித்த குறிப்பேடு வாங்கி வைக்க வேண்டும். மாணவன் மிதிவண்டியிலேறி வீடு வீடாகச் செல்லட்டும். கோயிலையும், பழைய ஆலையையும், இடுகாட்டையும் காணட்டும். முதியோரிடம் அமர்ந்து, சென்றவர் பெயர், ஊர், சென்ற ஆண்டு, மீண்டாரா என்னும் நான்கையும் கேட்டு எழுதட்டும். ஐயமானதை ஐயம் என்றே குறிக்கட்டும். இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா, காலந்தான் வேண்டும். அதுவே நம்மிடம் குறைந்துவருகின்றது.

மாலையில் மைத்துனர் வீட்டிற்குத் திரும்பியபோது முழங்கால் வலித்தது உண்மை. "பாதை கிடைத்ததா?" என்று அவர் கேட்டார். கிடைத்தது என்றேன். பள்ளி திறந்த முதல் நாள், கேள்வி கேட்ட மாணவனை அழைத்து, புதிய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் என் பாட்டனாரின் தம்பி பெயரை எழுதச் சொன்னேன். எழுதி முடித்தபின் அவன் தலை நிமிர்ந்து, "ஐயா, எங்கள் பாட்டியிடமும் ஒரு பெயர் இருக்கிறது" என்றான். இரண்டாம் பெயர் மறுநாள் ஏறிற்று. இப்போது அந்த ஏட்டில் பதினேழு பெயர்கள் இருக்கின்றன.